நாடியும் நரம்பும்

தோற்றுவாய்

இடைகலை, பிங்கலை, சுழுமுனை என்னும் நாடிகள் மூன்றனையும், மூலாதாரம் முதலிய ஆறாதாரங்களையும் பற்றிச் சைவ நன்மக்கள் பலரும் கேட்டறிந்திருப்பர். திருமூலநாயனார் அருளிய திருமந்திரத்தின் மூன்றாந் தந்திரம் யோகநெறியை விரித்தோதும். இக்காலத்துச் சொற்பொழிவாளர் சிலர், 'முன்னோர் நாடியென்றது இன்றை மருத்துவர் கூறும் நரம்பே. ஆதாரமென்றது நரம்புப் பின்னலே. ஆதலால் எம் சமயத்தை அறிவியல் நிறுவிவிட்டது' என்று மகிழ்ந்துரைக்கின்றனர். உடற்கூறு பயின்ற இளைஞர் சிலரோ, 'உடலை அறுத்துப் பார்த்தோம். தாமரை யாண்டும் இல்லை. ஆதலால் நூலுரை பொய்' என்பர். இவ்விரு திறத்தாரும் தம்முள் முரணுவார்போலத் தோன்றினும், நாடியும் நரம்பும் ஒரு பொருளே என்னும் கருத்தொன்றனையே அடியாகக் கொண்டு நிற்கின்றனர். அக்கருத்துப் பொருந்துமா என ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வழக்கு இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1855ஆம் ஆண்டளவில் கங்கைக்கரையில் உலவிய தயானந்த சரசுவதியார், ஆற்றில் மிதந்துவந்த பிணமொன்றைக் கரைசேர்த்துக் கத்தியால் அறுத்து, யோகநூல்கள் கூறும் சக்கரங்கள் உளவோவென நோக்கி, அவற்றைக் காணாமையால் அந்நூல்களைக் கிழித்துப் பிணத்தோடு ஆற்றில் எறிந்த செய்தியைத் தம் வரலாற்றில் தாமே கூறியுள்ளார். 1915இல் பிரசேந்திரநாத சீலர், பண்டை இந்தியரின் அறிவியல் பற்றிய தம் நூலில், தந்திர நூல்கள் கூறும் நாடிகளை நரம்பு மண்டலத்தோடு இயைத்து விளக்கினார். 1927இல் பம்பாய் மருத்துவர் வசந்த ரேலே என்பார், குண்டலினி யென்பது வலப்பக்கத்து வேகசு நரம்பே யென ஒரு நூல் எழுதினார். அந்நூற்கு அணிந்துரை வழங்கிய சர் ஜான் உட்ராப் அவர்களே அம்முடிபினை ஏற்றாரல்லர். இங்ஙனம் ஒருவர் கிழித்தெறிந்ததனை வேறு சிலர் ஒட்டவைக்க முயன்றனர். இரண்டும் ஒரே பிழையின் இருமுகங்கள் என்பதே யாம் காட்டப் புகுவது.

களம்

இதனை ஆராய்தற்கு நாஞ்சில் நாடும் அதனைச் சூழ்ந்த குமரி மாவட்டமும் மிக ஏற்ற களமாம். தோவாளை, அகத்தீசுவரம் என்னும் வட்டங்களே நாஞ்சில் நாடெனப்படுவன. கல்குளம், விளவங்கோடு என்னும் மேலைவட்டங்களோடு சேர்ந்து திருவிதாங்கூரின் தென்பகுதியாய் இருந்த இந்நிலம், 1956 நவம்பர் 1ஆம் நாள் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. இம்மாவட்டத்தில் இருவேறு மருத்துவ மரபுகள் நூறாண்டுகளுக்கு மேலாக அண்டைவீட்டார்போல வாழ்ந்துள்ளன. ஒன்று, அகத்தியர் பெயரால் வழங்கும் ஏட்டுச்சுவடிகளைக் கொண்டு ஆசான்மார் வழிவழியாகப் பயிற்றிவரும் வருமநூல் வழக்கு. மற்றொன்று, 1838இல் ஆர்ச்சிபால்டு ராம்சே என்னும் மருத்துவர் வருகையோடு நெய்யூரில் தொடங்கிய இலண்டன் மிசன் மருத்துவம். 1861இல் வந்த ஜான் லோ இந்நாட்டு இளைஞர்க்கு மேனாட்டு மருத்துவம் பயிற்றினார். 1922, 1924ஆம் ஆண்டுகளில் எவரெஸ்டு மலையேற்றக் குழுக்களில் இருந்த அறுவை மருத்துவர் தியோடர் ஹோவார்டு சாமர்வெல், அம்மலையினும் நெய்யூரையே பெரிதாக மதித்து ஈண்டுத் தங்கிப் பல்லாண்டு பணியாற்றினார். களரியில் அடிபட்டு வீழ்ந்தானுக்கு ஆசான் ஒருபுறமும், அறுவைக்கூடம் ஒருபுறமுமாக இருந்த நாடு இது. ஆகலின் உடலைத் தொட்டறிந்த மரபும், அறுத்தறிந்த மரபும் என இரண்டனையும் ஒருங்குவைத்து நோக்க ஈண்டு வாய்ப்புண்டு.

சொல்லாராய்ச்சி

நரம்பு என்னுஞ் சொல் தமிழில் ஒரு பொருட்கே உரியதன்று. யாழிற் கட்டிய தந்தியும் நரம்பு. இலையில் ஓடும் வரியும் நரம்பு. முதியோர் புறங்கையிற் புடைத்துத் தோன்றும் குருதிக்குழாயும் வழக்கில் நரம்பே. மருத்துவமனையில் குருதிக்குழாயில் ஏற்றும் மருந்தினை இன்றும் மக்கள் 'நரம்பூசி' என்றே வழங்குவர். தசையை என்போடு பிணிக்கும் நாணினையும் நரம்பென்பது உண்டு. இவற்றோடு, மூளையினின்று உணர்ச்சியும் ஏவலும் கொண்டு செல்லும் இழைக்கும் அப்பெயரே பின்னர் வந்து பொருந்திற்று.

இப்பொதுமை தமிழர்க்கு மட்டும் உரிய குறையன்று. கிரேக்க மொழியில் 'நியூரோன்' என்பது முதற்கண் தசைநாணையும் வில்லின் நாணையுமே குறித்தது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த ஈரோபிலர் முதலிய மருத்துவர் உடலை அறுத்தாராய்ந்த பின்னரே, உணர்ச்சி நரம்பு தசைநாணினின்று வேறென அந்நாட்டார் தெளிந்தனர். வெண்ணிறத்து இழையாய் ஒன்றனையொன்று ஒத்துக் கிடக்கும் பொருள்களைக் கண்ணாற் கண்ட அளவிற் பிரித்தறிதல் எளிதன்று.

நாடி என்பதோ இன்னும் பல பொருட்டு. மருத்துவன் மூவிரல் வைத்து நோக்கும் மணிக்கட்டின் துடிப்பு நாடி. தென்பாண்டி நாட்டிலும் நாஞ்சில் நாட்டிலும் மோவாய்க்கும் நாடியென்றே பெயர். யோகநூலாரது நாடி இவ்விரண்டின் வேறாய், உயிர்வளி இயங்கும் வழியைக் குறிப்பது. சொல் ஒன்றாதல் பற்றிப் பொருளும் ஒன்றெனத் துணிதல் நாடி பிடிக்க வந்த மருத்துவன் மோவாயைப் பிடித்தது போலாம்.

நரம்பின் கூறும் தொழிலும்

இனி, இற்றை உடற்கூற்று நூலார் நரம்பு மண்டலம் எனக் கொள்வது யாதெனச் சுருங்கக் காண்போம். தலையோட்டினுள் ஏறத்தாழ 1,300 முதல் 1,400 கிராம் நிறையுள்ள மூளையும், அதனின்று முதுகென்புப் புழையினுள் இறங்கும் 45 சென்டிமீட்டர் அளவான தண்டுவடமும் நடுமண்டலமாகும். மூளையினின்று 12 இணையும், தண்டுவடத்தினின்று 31 இணையுமாக நரம்புகள் கிளைத்து உடலெங்கும் பரவும். 2009இல் வெளியான ஒரு கணக்கின்படி மூளையிலுள்ள நரம்பணுக்கள் ஏறத்தாழ 8,600 கோடி.

தண்டுவடத்து நரம்பு ஒவ்வொன்றும் இரண்டு வேர்களால் தோன்றும். முன்வேர் தசையை இயக்கும் ஏவலைக் கொண்டு செல்வதும், பின்வேர் உணர்ச்சியைக் கொண்டு வருவதுமாம். 1811இல் சார்லசு பெல் தொடங்கிய இவ்வாராய்ச்சியை 1822இல் மசாந்தி என்னும் பிரெஞ்சு அறிஞர் முடிவுசெய்தார். அறியும் வழியும் செய்யும் வழியும் வேறுவேறென அவர் கண்டமை, ஞானேந்திரியம் ஐந்தும் கன்மேந்திரியம் ஐந்தும் வேறுவேறாக எண்ணிப் பயின்ற சைவர்க்கு வியப்பன்று. ஆயினும் இந்திரியம் என நம் நூல்கள் கூறுவது கண்ணுக்குப் புலனாகும் உறுப்பினையன்று, அவ்வுறுப்பில் நின்று தொழில் செய்யும் ஆற்றலினையே என்பதனை மறத்தலாகாது.

நரம்பிற் செல்லும் செய்தி அளவிறந்த விரைவினது என முன்னர் எண்ணியிருந்தனர். 1850இல் எல்மோல்ட்சு என்பார் தவளையின் நரம்பில் அவ்விரைவை அளந்து, நொடிக்கு ஏறத்தாழ 27 மீட்டர் எனக் கண்டார். மக்களுடலிற் பருத்த நரம்பிழைகளில் அது 120 மீட்டர் வரை செல்லும். அவ்வியக்கம் நரம்பினூடு மின்மாற்றமாகச் சென்று, இழை முடியுமிடத்துப் பெரும்பாலும் வேதிப்பொருளாகச் சுரந்து அடுத்ததனை எழுப்பும். 1921இல் ஆட்டோ லோவி என்பார் தவளையின் இதயத்தைக்கொண்டு இதனைக் காட்டினார். அவர் தூண்டியதும், இதயத்துடிப்பைத் தாழ்த்துவதாகிய வேகசு நரம்பினையே யாம். இந்நரம்பினையே ரேலே குண்டலினியெனக் கொண்டார் என்பதனை ஈண்டு நினைவுகூர்க.

முதுகென்பின் இருமருங்கும் பரிவு நரம்புத் தொடர்கள் இரண்டு ஓடுதலின் அவையே இடைகலையும் பிங்கலையும் எனவும், நடுவிலுள்ள தண்டுவடமே சுழுமுனை எனவும் கூறுவாருளர். நூல்களோ இடைகலை இடமூக்கினும் பிங்கலை வலமூக்கினும் சென்று முடிவன எனவும், மூச்சு அவற்றின் வழியே மாறிமாறி இயங்கும் எனவும் ஓதும். பரிவு நரம்புத் தொடரில் மூச்சு இயங்குவதில்லை. எண்ணும் ஒவ்வாது, இயல்பும் ஒவ்வாது, தொழிலும் ஒவ்வாது. இருமருங்கும் இரண்டு, நடுவே ஒன்று என்னும் தோற்ற ஒப்புமை ஒன்றே எஞ்சுவது.

வருமநூல் வழக்கு

அற்றேல், நரம்பின் செயலை நம் முன்னோர் அறியாரோவெனின், அறிந்தார் என்பதற்கு வருமநூலே சான்று. வருமம் 108 என்பது பெருவழக்கு. அவற்றுட் படுவருமம் 12, தொடுவருமம் 96. பிடரி வருமம், செவிக்குற்றி வருமம் என்பன இடத்தாற் பெற்ற பெயர்கள். உறக்கக்காலம் என்பது விளைவாற் பெற்ற பெயர். ஒவ்வொரு வருமத்திற்கும் அதன் இடம், அடிபட்டாற் காணும் குறி, இத்தனை நாழிகைக்குள் இளக்கவேண்டும் என்னும் எல்லை, எழுப்புதற்குரிய அடங்கல், பின்னர்க் கொடுக்கும் மருந்து ஆகியவை முறையே கூறப்படும்.

இவற்றுட் சிலவற்றின் காரணம் இன்று தெளிவாகப் புலப்படுகின்றது. கழுத்தின் பக்கத்தே தலைக்குச் செல்லும் குருதிக்குழாயில் அழுத்தத்தை அளக்கும் நுண்ணுறுப்பு உளது. அவ்விடத்து அடிபடின், ஒன்பதாங் கபாலநரம்பு வழியே செய்தி மூளையின் அடித்தண்டிற் சென்று, வேகசு வழியே திரும்பி இதயத்தைத் தளர்த்த, அடியுண்டான் மயங்கி வீழ்வன். பிடரியின் மேற்பகுதியில் தண்டுவடம் நைந்தால், மூச்சுத்தசையை இயக்கும் ஏவல் அறுபட்டு மூச்சு நிற்கும். முழங்காலின் வெளிப்புறத்துச் சிற்றென்பின் கழுத்தை ஒட்டி வளையும் நரம்பு நைந்தாற் பாதம் தூக்கவொண்ணாது தொங்கும். முழங்கையின் பின்புறம் இடித்துக்கொண்டு விரல்வரை மின்னியது போன்ற விறுவிறுப்பினை உணராதார் யாவருமிலர்.

ஆயினும் 108 வருமமும் நரம்பே எனக் கோடல் பொருந்தாது. வடமொழியில் சுசுருத சங்கிதை 107 மருமங்களை எண்ணி, தசையில் 11, சிரையில் 41, சினாயுவில் 27, என்பில் 8, மூட்டில் 20 எனப் பகுக்கின்றது. இப்பகுப்பில் உணர்ச்சி நரம்பிற்கெனத் தனியினம் ஒன்றும் இல்லை. அந்நூலே மற்றொரு வகையால், உடனே கொல்வன 19, நாட்கழித்துக் கொல்வன 33, தைத்தது பிடுங்கினாற் கொல்வன 3, ஊனம் செய்வன 44, நோவு செய்வன 8 எனவும் அவற்றைப் பகுக்கும். இப்பிற்பகுப்பினாற் பெறப்படுவது யாதெனின், மருமநூலாரது அறிவு உடலின் உள்ளமைப்பைப் பற்றியதினும் அதன் விளைவைப் பற்றியதாகவே சிறந்து நிற்கின்றது என்பதாம். ஓரிடத்தைத் தொட்டால் யாது நிகழும் என்பதனை ஆசான் அறிவான். எவ்விழை வழியாக நிகழும் என்பதனை அறுவை மருத்துவன் அறிவான். ஓர் அறிவு மற்றதனாற் பொய்யாகாது. மற்றதற்கு ஈடும் ஆகாது.

வளியின் தொழில்

இனி, நரம்பின் தொழிலை நம் நூல்கள் எப்பெயரால் வழங்கின என ஆராயின், விடை நாடியில் இல்லை, வளியில் உளது. மூளையிற் குருதியோட்டம் தடைப்பட்டு ஒருபக்கம் செயலறுவதனைத் தமிழர் பக்கவாதம் என்றனர். முகநரம்பு தளர்ந்து வாய்கோணுவது முகவாதம். தண்டுவடத்தின் இயக்கவணுக்களை அழித்துக் குழந்தைகளை முடமாக்கிய நோய்க்கு இளம்பிள்ளைவாதம் என்று பெயர். இந்நோயில் உணர்ச்சி கெடாது இயக்கமே கெடும். இந்தியாவில் இந்நோயின் இறுதி நிகழ்ச்சி 2011இல் காணப்பட்டது. 2014இல் இந்நாடு அதனின் நீங்கியதெனச் சான்றளிக்கப்பட்டது. இவை மூன்றும் நரம்புநோய்கள்; மூன்றற்கும் நம்மவர் இட்ட பெயரில் நிற்பது வாதம், அஃதாவது வளி. உடல்முழுதும் பரவி நீட்டலும் முடக்கலும் பரிசமறிதலும் செய்விப்பது வியானன் என மருத்துவநூல் கூறும். ஓடல், நடத்தல், நிற்றல், இருத்தல், கிடத்தல் என்பனவற்றைத் தத்துவக் கட்டளை நூல்கள் வாயுவின் கூறாக எண்ணும். எனவே, நரம்பின் தொழிலை முன்னோர் நன்கு கண்டனர். அதனை ஓர் இழையின் தொழிலாகக் கருதாது, இயக்கும் ஆற்றலின் தொழிலாகக் கருதினர். நாடியை நரம்பென்பார் தேடும் பொருள் வேறோர் அறையில் இருக்கின்றது.

தத்துவ எண்ணிக்கை காட்டும் முடிபு

இதுகாறும் கூறியவற்றினும் வலியதொரு சான்று சித்தாந்த நூலினுள்ளேயே உளது. தத்துவம் 36ம் தாத்துவிகம் 60ம் கூடிய 96 என்னும் எண்ணிக்கை சைவர் யாவரும் அறிந்தது. அவ்வறுபதனுள், மயிர், தோல், என்பு, நரம்பு, தசை என்னும் ஐந்தும் பிருதிவியின் கூறாக முதற்கண் எண்ணப்படும். பின்னர், நாடி 10, வாயு 10 என அவை தனித்தனியே எண்ணப்படும். நாடியும் நரம்பும் ஒன்றாயின், ஒருபொருளையே இருமுறை எண்ணியதாகி, அறுபது என்னும் தொகை வழுவாய் முடியும். நம் ஆசிரியர் தொகை வழுவினார் அல்லர். மண்ணின் கூறாகிய நரம்பு வேறு, வளியியங்கும் வழியாகிய நாடி வேறு என்பது அவர்க்கு ஐயமற விளங்கியிருந்தது. இதனை ஓர்ந்திருப்பின் தயானந்தர் நூலைக் கிழித்திரார், ரேலே ஒட்டியிரார்.

ஆசங்கையும் விடையும்

அஃதாயின், மூளை நைந்தால் அறிவு மங்குதலும், மயக்கமருந்து ஏறினால் உணர்வு மறைதலும் கண்கூடாகலின், மூளையே உயிரென்று கொள்ளலாமன்றோ வெனின், கூறுதும். 1949இல் மொருசி, மகூன் என்னும் இருவர், விழிப்பு நிலை மூளையடித்தண்டின் வலைபோன்ற ஒருபகுதியைச் சார்ந்ததெனக் காட்டினர். இது சித்தாந்தத்திற்குப் புதிய இடையூறன்று. கருவிகள் கூடிய வழியே ஆன்மா அறியும். கூடாவழி அறியாது என்பது சித்தாந்தத்தின் துணிபு. சாக்கிரத்தில் 35, சொப்பனத்தில் 25, சுழுத்தியில் 3, துரியத்தில் 2, துரியாதீதத்தில் 1 எனக் கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒடுங்குமாற்றை நம் நூல்கள் கணக்கிட்டே கூறியுள்ளன. கருவி கெட்டவழி அறிவு கெடும் என்பதனை மறுப்பவர் வேறு சமயத்தாராகலாம், சைவரல்லர்.

மெய்கண்டதேவர் சிவஞானபோதத்து மூன்றாஞ் சூத்திரத்தில், உடம்பும் ஐம்பொறியும் உயிர்வளியும் ஆன்மாவல்ல என்பதனை ஏதுக்களால் நிறுவினார்; நான்காஞ் சூத்திரத்தில் அந்தக்கரணங்களின் ஆன்மா வேறென நிறுவினார். அவ்வேதுக்களுள் எதுவும் நாடியை நரம்பெனக் கொண்டு நிற்பதன்று. நரம்பறுந்த யாழில் இசை எழாது; அதனால் நரம்பே பாணனாகி விடான். இவ்வுவமை பாணன் உளன் என்பதனை நிறுவுவதன்று என்பதும் ஒப்புக்கொள்ளத்தக்கது. நரம்பின் வழக்கொன்றே பற்றிப் பாணன் இலன் எனத் துணிதல் செல்லாது என்னும் அளவே அது காட்டும். ஆன்மா உண்டென்பதனை மெய்கண்டார் கூறிய ஏதுக்களாலேயே நிறுவவேண்டும்; அறுவைக்கத்தியால் நிறுவவும் இயலாது, மறுக்கவும் இயலாது. நேற்று வேகசு, இன்று வேறொன்று என மாறும் மருத்துவ முடிபுகளை நம் கொள்கைக்கு முட்டாகக் கொடுப்போமாயின், அம்முட்டுச் சாயுந்தோறும் கொள்கையும் சாய்ந்ததாகப் பிறர் நகைப்பர்.

உடலை நீரிலிட்டு ஏழு இரவு கழித்துத் தோல்முதல் ஒவ்வொன்றாகச் சுரண்டி நோக்கும் முறையை விதித்த சுசுருதரே, அதனை அடுத்து, உடலினுள் உறையும் நுண்பொருளை ஊனக்கண்ணாற் காணல் இயலாது, ஞானக்கண்ணாலும் தவக்கண்ணாலுமே காணல் இயலும் என்றார். ஆற்றில் பிணத்தை நோக்கிய இருவருள் முன்னவர், எதனை அங்குத் தேடவேண்டும், எதனைத் தேடலாகாது என அறிந்திருந்தார்.

முடிபுரை

இவ்வாராய்ச்சியாற் போந்த பயன் வெறுஞ்சொல்லாராய்ச்சி அன்று. நாஞ்சில் நாட்டு ஆசான்மாரது சுவடிகளும் கைப்பழக்கமும் மறைபொருளாகவே இருந்து அருகி வருகின்றன. அவற்றை 'எல்லாம் நரம்பியலே' எனப் புகழ்ந்து விடுதலும், 'எல்லாம் மூடநம்பிக்கையே' எனத் தள்ளி விடுதலும் அவற்றை ஆராயாதொழிதற்கு இருவேறு வழிகள். இடமும் குறியும் அடங்கலும் பதிப்பிற்கு வந்து, எது பயன் தருவது எது தராதது எனச் சோதிக்கப்படுதலே அம்மரபினைக் காக்கும்.

மற்றொன்றும் உண்டு. திடீரென வாய் கோணி, கை தளர்ந்து, சொல் குழறி ஒருவர் வீழ்ந்துழி, வாதமென்று எண்ணித் தைலமும் தடவுமுறையும் நாடிக் காலங்கழிப்பார் இன்றும் உளர். குருதி உறைந்து அடைத்ததாயின் அதனைக் கரைக்கும் மருந்து, நோய் தோன்றிய நான்கரை மணிக்குள் ஏற்றப்படல் வேண்டும். உறைவோ கசிவோ எனப் படம்பிடித்து அறிந்த பின்னரே அதனை ஏற்றலாம். நான்கரை மணியென்பது பதினொன்றேகால் நாழிகை. நாழிகை தப்பினால் இளகாது என்னும் விதியை இந்நாட்டு ஆசான்மார் அறியாதாரல்லர். அவ்விதியை முதன்முதல் நமக்கு ஓதியவர் அவரே. அவர் ஓதிய அவ்விதியின்படியே, அத்தகையோரை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுதல் கடனாகும். உயிர் தங்கி வினைநீங்கித் திருவருளைச் சார்தற்கு இறைவன் தந்த கருவி இவ்வுடம்பு என்று கொள்வார்க்கு, அதன் நரம்பினை நரம்பென்றறிந்து காத்தலும், நாடியை நாடியென்றறிந்து போற்றுதலும் ஒருங்கே உரியன என்க.